பீக் டிஸ்ட்ரிக்டில் முதல் சரளைச் சவாரி: புதியவர்களுக்கான வழிகாட்டி

மான்செஸ்டர், ஷெஃபீல்டு, டெர்பி மூன்று நகரங்களுக்கும் நடுவில் இருக்கும் மேட்டுநிலம் பீக் டிஸ்ட்ரிக்ட். 1951-இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதன் மிக உயர்ந்த இடமான கிண்டர் ஸ்கவுட்டே 636 மீட்டர்தான். எண்ணைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். இங்கே ஒரு மலையை ஏறி, இறங்கி, வீடு திரும்புவது என்ற பேச்சே இல்லை. பள்ளத்தாக்கில் நூறு மீட்டர் இறங்கி, ஆற்றைக் கடந்து, மறுகரையில் நூறு மீட்டர் ஏறினால் அடுத்த பள்ளத்தாக்கு காத்திருக்கும். கிராமச் சாலையும் மண்பாதையும் கலந்து மனம்போன போக்கில் ஒரு 50 கி.மீ. வழி போட்டால், மொத்த ஏற்றம் 1,000 மீட்டரைத் தொடுவது இங்கே சாதாரணம்.

அதனால் கிராவல் சைக்கிள் (சரளைப் பாதைக்கான அகல டயர் சைக்கிள்) வாங்கிய கையோடு மலைப்பாதையில் இறங்காமல், மலைகளுக்குள் புகுந்து போன பழைய ரயில் தடங்களில் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். 1960-களில் ரயில் நின்றுபோன தடங்களில் தண்டவாளத்தை அகற்றிவிட்டு, நொறுக்கிய சுண்ணாம்புக்கல்லைப் பரப்பி, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் குதிரைக்கும் திறந்துவிட்டிருக்கிறார்கள். கார் கிடையாது. நீராவி இஞ்சின் இழுக்கும் அளவுக்கே சரிவு. சைக்கிளின் மேல் உட்காரும் விதம், கியர், டயர் காற்று எல்லாவற்றையும் இங்கே பழகிவிட்டு, பிறகு பக்கவாட்டில் பிரியும் கரடுமுரடான வழிகளுக்குப் போகலாம். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகிறது.

எங்கே ஓட்டலாம், எங்கே கூடாது

இங்கிலாந்தில் பாதை கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காகச் சைக்கிளை விட்டுவிட முடியாது. ஒவ்வொரு பொதுவழிக்கும் யார் யார் போகலாம் என்ற உரிமை சட்டத்தில் தனித்தனியாக இருக்கிறது. வழியோரக் கம்பங்களில் இருக்கும் அம்புக்குறியின் நிறம் அதைச் சொல்லிவிடும்.

மஞ்சள் அம்பு என்றால் ஃபுட்பாத், நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு பிரைடில்வே. முதலில் குதிரைக்கும் நடைக்கும் மட்டும் இருந்த இந்த வழிகளில் 1968-ஆம் ஆண்டின் கன்ட்ரிசைடு சட்டம் சைக்கிளையும் அனுமதித்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தது: நடப்பவர்களுக்கும் குதிரைக்காரர்களுக்கும் சைக்கிள்காரர்தான் வழிவிட வேண்டும். ஊதா நிற அம்பு இருந்தால் மோட்டார் வண்டி தவிர மற்றவை போகலாம், சிவப்பு அம்பு இருந்தால் எல்லா வண்டிகளும் போகலாம். ஆக, நீலம், ஊதா, சிவப்பு மூன்றும் நமக்குச் சரி. மஞ்சளைக் கண்டால் இறங்கி, வேறு வழி பார்க்க வேண்டும். ஃபுட்பாத்தில் ஓட்டினால் ஜெயிலுக்கு அனுப்ப மாட்டார்கள், ஆனால் நில உரிமையாளர் வெளியே போகச் சொன்னால் போயாக வேண்டும். அவர் சொல்லாவிட்டாலும், ஆள் ஒருவர் மட்டும் நுழையும் கல் இடுக்கிலும் ஏணிப்படி போட்ட கற்சுவரிலும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு திண்டாடுவது உங்கள் பாடு.

வீட்டிலிருந்தே இதைச் சரிபார்க்க ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 அளவு வரைபடம் வேண்டும். சுண்ணாம்புக்கல் பகுதியான வொயிட் பீக்குக்கு ஓஎல்24, வடக்கே கரும்பாறைப் பகுதியான டார்க் பீக்குக்கு ஓஎல்1. பச்சை நிறத்தில் குட்டையான கோட்டுத்துண்டுகள் ஃபுட்பாத், நீளமான துண்டுகள் பிரைடில்வே. இரண்டையும் மாற்றிப் படித்துவிடுவதுதான் புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை, பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். சாலையின் மேல் ஒற்றை அம்புமுனை இருந்தால் சரிவு 14 முதல் 20 சதவீதம். இரட்டை முனை இருந்தால் 20 சதவீதத்துக்கும் மேல். அம்பு கூர்மையாக நோக்கும் பக்கம்தான் இறக்கம். ஒவ்வொரு கட்டமும் ஒரு கி.மீ. என்பதால் தூரத்தை விரலாலேயே அளந்துவிடலாம்.

போன் செயலிகளை மட்டும் நம்ப வேண்டாம். கூகுள் மேப்ஸ் வழியுரிமையைக் காட்டாது. கோமூட், ஸ்ட்ராவா போன்றவை மற்றவர்கள் போன தடத்தை வைத்து வழி சொல்லும்போது ஃபுட்பாத்தையும் இடையில் சேர்த்துவிடும். செயலியில் வழி போட்டுக்கொள்ளுங்கள், பிறகு ஓஎல் வரைபடத்தில் துண்டு துண்டாகச் சரிபாருங்கள். முதல் சில தடவை அரை மணி நேரம் பிடிக்கும். அந்த அரை மணி நேரம்தான் மலைமேல் இரண்டு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

சைக்கிள்: காசு போட வேண்டிய இடம் டயரும் கியரும்

கார்பன் சட்டமும் (ஃப்ரேம்) மின்சார கியரும் இல்லாமல் காலம் முழுக்க ஓட்டலாம். தவறான டயரோடு ஒரு மதியம்கூட ஓட்ட முடியாது.

ரயில் தடங்களுக்கு 38 மி.மீ. டயரே போதும். பிரைடில்வேக்கும் சேர்த்து ஒரே டயர் என்றால் 42 முதல் 45 மி.மீ. வரை போங்கள், சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. டயருக்கும் சட்டத்துக்கும் இடையே இரு பக்கமும் 5 மி.மீ.யாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் சேறு ஒட்டி சக்கரம் நின்றுவிடும். நடுவில் கட்டை குறைவாகவும் ஓரத்தில் கட்டை எடுப்பாகவும் இருக்கும் டயர் இந்த ஊருக்குப் பொருத்தம்.

டியூப்லெஸ் ஆக்கிக்கொள்வது நல்லது. காரணம், இங்கே பஞ்சர் பெரும்பாலும் இரண்டு வகை. கல்லின் விளிம்பில் டயர் நசுங்கி டியூப் இரண்டு இடத்தில் கிழிவது ஒன்று, வேலிமுள் குத்துவது மற்றொன்று. டியூப் இல்லாவிட்டால் முதல் வகைக்கு வாய்ப்பே குறைவு, இரண்டாவதை உள்ளே இருக்கும் சீலன்ட் திரவம் அடைத்துவிடும். 40 மி.மீ. டயருக்குத் தலா 60 முதல் 80 மில்லி சீலன்ட் ஊற்றுங்கள். மூன்று நான்கு மாதத்தில் அது உலர்ந்துவிடும். வால்வைக் கழற்றி ஒரு குச்சியை விட்டுப் பார்த்து, ஈரம் ஒட்டாவிட்டால் மறுபடி ஊற்ற வேண்டும்.

காற்று: 75 கிலோ எடையுள்ளவர், 40 மி.மீ. டியூப்லெஸ் டயரில் முன்னால் 32, பின்னால் 35 பிஎஸ்ஐயில் (காற்றழுத்த அளவு) தொடங்கலாம். 45 மி.மீ. என்றால் இரண்டிலும் 4 பிஎஸ்ஐ குறையுங்கள். டியூப் போட்டிருந்தால் 5 கூட்டுங்கள். கல்லில் ஏறும்போது ரிம் தட்டும் சத்தம் கேட்டால் 2 பிஎஸ்ஐ ஏற்ற வேண்டும். கையில் அதிர்வு தாங்க முடியாமல் போனால் 2 இறக்க வேண்டும். ரோடு சைக்கிள் பழக்கத்தில் 60, 70 என்று அடித்துக்கொண்டு வருபவர்களின் பின்சக்கரம் ஏற்றத்தில் சரளையைத் தெறிக்கவிட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கும், சைக்கிள் நகராது.

கியர் விஷயத்தில் கூச்சமே வேண்டாம். கணக்கைப் பாருங்கள். ஆளும் சைக்கிளும் பையும் சேர்த்து 87 கிலோ, சரிவு 15 சதவீதம், பாதை சரளை. முன் பற்சக்கரமும் பின் பற்சக்கரமும் ஒரே அளவாக இருந்து, நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 8 கி.மீ.; அதற்குக் கால் தர வேண்டிய சக்தி சுமார் 300 வாட். புதியவர் ஒருவர் கொஞ்ச நேரம் தொடர்ந்து தரக்கூடியது 150-ஐச் சுற்றித்தான். முன்னால் 30 பல், பின்னால் 40 பல் வைத்தாலும் அதே 60 சுற்றுக்கு ஏறக்குறைய 230 வாட் கேட்கும். அதனால்தான் கடையில் 'இது போதும்' என்று சொல்லும் கியரைவிட ஒரு படி எளிதானது வேண்டும் என்கிறோம். இரட்டைச் செயின்ரிங் (முன் பற்சக்கரம்) என்றால் 46/30 பல் முன்னால், 11-34 அல்லது 11-36 பல் பின்னால். ஒற்றைச் செயின்ரிங் என்றால் 38 அல்லது 40 பல், பின்னால் குறைந்தது 11-42; பெரிய பற்சக்கரம் அதைவிடப் பெரியதானால் இன்னும் நல்லது. அதற்கும் மேல் செங்குத்தானால் இறங்கித் தள்ளுங்கள். வேகத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது, மூச்சு மிஞ்சும்.

பிரேக் டிஸ்க்தான். மழைநாளில் இங்கத்திய சுண்ணாம்புச் சேறு ரெசின் பேடை அரைத்துத் தீர்த்துவிடும். நவம்பர் முதல் மார்ச் வரை உலோகப் பேடு போட்டுக்கொண்டால் சத்தம் கொஞ்சம் அதிகம், ஆயுளும் அதிகம். பேடின் தேய்மானப் பகுதி 0.5 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றியாக வேண்டும். 1 மி.மீ. இருக்கும்போதே புதிய ஜோடி பையில் இருக்கட்டும்.

முதல் வழி: மான்சல் ட்ரெயில்

பேக்வெல் ஊருக்குச் சற்றுத் தென்கிழக்கே கூம்ஸ் ரோட்டிலிருந்து பக்ஸ்டன் பக்கம் பிளாக்வெல் மில் வரை 8.5 மைல், ஏறத்தாழ 13.7 கி.மீ. போய்வர 27 கி.மீ. பாதி நாளில் முடியும். பாதை அகலம், சரளை இறுகிக் கிடக்கும், சரிவு உணரவே முடியாத அளவு. பேக்வெல்லிலிருந்து போகும்போது லேசான ஏற்றம், திரும்பும்போது லேசான இறக்கம். களைத்த பிறகு இறக்கம் வருவதால் பேக்வெல்லில் தொடங்குவதே சரி. சைக்கிள் இல்லாதவர்கள் வழியிலுள்ள ஹாசப் ஸ்டேஷனில் வாடகைக்கு எடுக்கலாம். அங்கேயே காபிக்கடையும் உண்டு.

இந்த வழியின் விசேஷம் சுரங்கங்கள். நீளமானவை ஒவ்வொன்றும் 400 மீட்டரையொட்டி இருக்கும். 2011-இல்தான் இவை திறக்கப்பட்டன. அதற்கு முன் ஒவ்வொரு சுரங்கத்தையும் சுற்றிக்கொண்டு மேட்டில் ஏறி இறங்க வேண்டியிருந்தது. பகலில் உள்ளே மின்விளக்கு எரியும், பொழுது சாய்ந்தால் அணைந்துவிடும். எனவே கோடைக்காலமானாலும் முன்விளக்கும் பின்விளக்கும் எடுத்துப் போங்கள். வெயிலில் இருந்து உள்ளே நுழைந்ததும் சில நொடி கண் தெரியாது. எதிரில் நாயோடு நடந்துவருபவர் இருப்பார். வாசலிலேயே வேகத்தைக் குறைத்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நுழையுங்கள். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும், தரை ஈரமாக இருக்கும், காற்று ஜில்லென்று அடிக்கும்.

ஹெட்ஸ்டோன் சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததுமே சைக்கிள் பாலத்தின் மேல் இருக்கும். 1863-இல் கட்டிய ஹெட்ஸ்டோன் வயடக்ட் அது, கீழே வை ஆறு வளைந்து ஓடும். எல்லோரும் சட்டென்று அங்கே நின்று படம் எடுப்பார்கள். நீங்களும் நிற்பீர்கள், ஆனால் ஓரமாக.

இந்த வழியில் செய்துபார்க்க வேண்டியவை மூன்று. ஐந்தாறு கி.மீ. போனதும் நின்று, டயரில் 3 பிஎஸ்ஐ இறக்கிவிட்டு, வித்தியாசத்தை உணருங்கள். சீட் உயரத்தைச் சரிசெய்யுங்கள். மிதி அடியில் இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருந்தால் சரி. ஹேண்டில்பாரின் வளைந்த கீழ்ப்பகுதியைப் பிடித்துக்கொண்டு ஒரு விரலால் பிரேக் பிடித்துப் பழகுங்கள். இறக்கத்தில் அந்தப் பிடிதான் உயிர்நாடி, பிரேக் லீவரை அங்கிருந்து பிடித்தால் பலமும் கூடுதல்.

இரண்டாவது வழி: குரோம்ஃபோர்டிலிருந்து ஹை பீக் ட்ரெயில்

டெர்பியிலிருந்து மாட்லாக் போகும் ரயிலில் ஏறினால் சுமார் அரை மணியில் குரோம்ஃபோர்டு. ரயிலில் சைக்கிளுக்கு இடம் குறைவு, ஞாயிற்றுக்கிழமை முதல் வண்டியைப் பிடிப்பது நல்லது. அங்கிருந்து குரோம்ஃபோர்டு கால்வாயின் கரையோரமாக ஹை பீக் ஜங்ஷனுக்கு மெல்லப் போகலாம். கால்வாய்க்கரை குறுகல், நடப்பவர்கள் அதிகம்.

இங்கே தொடங்கும் தடத்துக்கு ஒரு பின்கதை உண்டு. குரோம்ஃபோர்டு கால்வாயையும் மறுபக்கம் வேலி பிரிட்ஜில் இருந்த கால்வாயையும் இணைக்க, மேட்டைத் தாண்டி 1830, 1831-இல் திறந்த ரயில் பாதை இது. கட்டியவர்கள் கால்வாய் கட்டும் மனப்பான்மையிலேயே கட்டினார்கள். நெடுந்தூரம் சமதளமாக ஓட்டிவிட்டு, உயரம் ஏற வேண்டிய இடத்தில் படகுக்கு மடை வைப்பதற்குப் பதிலாகச் செங்குத்துச் சரிவு வைத்து, மேலே நிலையான நீராவி இஞ்சினால் வடத்தைச் சுற்றி வண்டிகளை இழுத்தார்கள். அந்தச் சரிவுகளில்தான் இப்போது நாம் மிதிக்கப் போகிறோம்.

முதலில் ஷீப் பாஸ்ச்சர் சரிவு, ஒரு கி.மீ.க்கும் மேல் நீளம். கொஞ்சம் சமதளத்துக்குப் பிறகு மிடில்டன் சரிவு, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அதாவது 12 சதவீதத்துக்கும் மேல். ஏறத்தாழ ஐந்து கி.மீ.க்குள் 200 மீட்டருக்கு மேல் ஏறிவிடுவீர்கள். புதியவர்களின் நாள் இங்கேயே முடிந்துவிடும் ஆபத்து உண்டு, காரணம் ரயில் தடம் என்றாலே சமதளம் என்று நினைத்து வருவதுதான். முதல் நூறு மீட்டரிலேயே மிக எளிய கியருக்கு வந்துவிடுங்கள். உட்கார்ந்தே மிதியுங்கள்; எழுந்து நின்றால் பின்சக்கரத்தின் மேல் பாரம் குறைந்து சரளையில் வழுக்கும். முழங்கையை மடக்கி மார்பைத் தாழ்த்தினால் முன்சக்கரம் தூக்காது. பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

மிடில்டன் டாப்பில் 1829-இல் செய்த இஞ்சின் இன்னும் அதன் கட்டடத்திலேயே இருக்கிறது. தண்ணீர் குடிக்க, மூச்சு வாங்க நல்ல இடம். அடுத்து வரும் ஹாப்டன் சரிவு 14-க்கு ஒன்று. குட்டையானது, அதையும் தாண்டிவிட்டால் கடினமான பகுதி முடிந்தது. அதன்பின் கல்சுவர்கள், மேய்ச்சல் நிலம், உயரமான கரைகள். மினிங்லோ அருகே கல் அடுக்கிக் கட்டிய கரையின் மேல் தடம் போகும். கோதம் என்ற இடத்தில் வெறும் 50 மீட்டர் ஆரத்தில் தடம் திடீரென்று வளையும். ரயில் எப்படித் திரும்பியது என்று வியந்துகொண்டே சைக்கிளையும் திருப்புங்கள், அங்கே சரளை தளர்வாகக் கிடக்கும்.

ஜங்ஷனிலிருந்து பார்ஸ்லி ஹே சுமார் 22 கி.மீ. அங்கே கழிப்பறை, தேநீர், வாடகைச் சைக்கிள் உண்டு. திறந்திருக்கும் நாள்களை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் காற்று வீசும். போகும்போது முகத்தில் அடித்த காற்று திரும்பும்போது முதுகைத் தள்ளும். இந்த வழியைக் குரோம்ஃபோர்டிலிருந்து தொடங்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

சக்தி மிச்சம் இருந்தால் பார்ஸ்லி ஹேக்குச் சற்றுத் தெற்கே பிரியும் டிஸ்ஸிங்டன் ட்ரெயிலில் கொஞ்ச தூரம் போய்வரலாம். 13 மைல் தள்ளி ஆஷ்போர்ன் வரை அது கிட்டத்தட்ட இறக்கம்தான். அதுதான் பொறியும்கூட: ஆஷ்போர்னில் ரயில் நிலையம் இல்லை, அத்தனை தூரமும் திரும்பி ஏற வேண்டும். முதல் நாள் ஹார்ட்டிங்டனின் பழைய சிக்னல் பெட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

குரோம்ஃபோர்டுக்கு இறங்கும்போது மிக மிக மெதுவாக. ஷீப் பாஸ்ச்சர் சரிவின் அடிவாரத்தில் ஒரு பள்ளம் தோண்டி வைத்திருக்கிறார்கள், அதற்குள் நொறுங்கிய சரக்குப்பெட்டி ஒன்று இன்னும் கிடக்கிறது. வடம் அறுந்து ஓடிவரும் பெட்டிகளைப் பிடிக்க வைத்த பள்ளம் அது. சைக்கிளுக்கும் அதே சரிவுதான். பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடியே இறங்கினால் டிஸ்க் சூடேறிப் பிடிப்பு தளரும். அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி அழுத்தி இறங்க வேண்டும். கீழே கால்வாய் பார்க்க வந்த குடும்பங்கள் குறுக்கே நடக்கும்.

மூன்றாவது வழி: டெர்வென்ட் நீர்த்தேக்கங்கள்

இது டார்க் பீக். பாறையும் வேறு, பாதையும் வேறு. ஃபேர்ஹோம்ஸிலிருந்து மேற்குக் கரைச் சாலையில் வடக்கே போனால் டெர்வென்ட், ஹௌடன் அணைகளைத் தாண்டி கிங்ஸ் ட்ரீ வரும். வார இறுதியில் இந்தச் சாலையைக் காருக்கு மூடிவிடுவார்கள். அதற்கு அப்பால் தார் முடிந்து சரளை தொடங்கும். பள்ளத்தாக்கின் தலைமாட்டில் ஸ்லிப்பரி ஸ்டோன்ஸ் என்ற இடத்தில் பழைய பொதிகுதிரைப் பாலம். லேடிபௌவர் அணையில் மூழ்கிய டெர்வென்ட் கிராமத்தில் இருந்ததைக் கல் கல்லாகப் பிரித்து 1959-இல் இங்கே நிறுத்தினார்கள். பாலத்தைத் தாண்டி கிழக்குக் கரையோரமாகத் திரும்பினால் சுற்று முடியும், மொத்தம் 16 கி.மீ. அளவு.

தூரம் குறைவுதான். ஆனால் கிழக்குக் கரையில் கைமுட்டியளவு கல் பெயர்ந்த இடங்களும் ஓடைநீர் குறுக்கே ஓடும் இடங்களும் உண்டு. உண்மையான கிராவல் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. கல்லைப் பார்த்தால் கல்லில்தான் போய் மோதுவீர்கள். பத்து மீட்டர் தள்ளி, போக வேண்டிய இடைவெளியைப் பாருங்கள். மிதிகளைச் சமமாக வைத்து, சீட்டிலிருந்து ஒரு சாண் எழுந்து, கை கால்களைத் தளர்த்தினால் சைக்கிள் தானாகத் துள்ளிப் போய்விடும். போன் சிக்னல் இந்தப் பள்ளத்தாக்கில் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

தடத்தை விட்டுப் பிரிந்தால்

மூன்று வழியும் பழகியபின் ஓஎல்24-ஐ விரித்து, ரயில் தடத்துக்கு இரு பக்கமும் நான்கைந்து கி.மீ.க்குள் இருக்கும் பிரைடில்வேக்களில் ஒன்றை மட்டும் சேர்த்து ஒரு சுற்று போடுங்கள். ஒன்று போதும். மினிங்லோவைச் சுற்றிக் கல்சுவர்களுக்கு நடுவே ஓடும் பழைய மண்சாலைகள் தொடக்கத்துக்கு நல்லவை. வெயிலில் காய்ந்திருந்தால் சொர்க்கம். மழைக்குப் பின் டிராக்டர் சக்கரத் தடத்தில் தண்ணீர் தேங்கி, ஆழம் தெரியாமல் காலை விட்ட கதைதான்.

ஈரச் சுண்ணாம்புப் பாறை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல தலைமுறைக் கால்களும் குளம்புகளும் தேய்த்து மெருகேறியவை இந்தப் பாறைகள். நனைந்துவிட்டால் எந்த டயரும் பிடிக்காது. பாறைக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பாறையின் மேல் பிரேக்கையும் தொடாமல், ஹேண்டிலையும் திருப்பாமல், நேராகக் கடக்க வேண்டும். மர வேர்களுக்கும் இரும்புக் கம்பி போட்ட மாட்டுத் தடுப்புகளுக்கும் இதே விதி. கோணலாக ஏறினால் சக்கரம் பக்கவாட்டில் பறந்துவிடும்.

கேட்டை எப்படிப் பார்த்தீர்களோ அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டும். மூடியிருந்தால் மூடுங்கள், உழவர் வேண்டுமென்றே திறந்து வைத்திருந்தால் திறந்தபடி விடுங்கள், அது ஆடுகளின் தண்ணீர்வழியாக இருக்கலாம். எதிரே குதிரை வந்தால் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து வாய்விட்டு 'ஹலோ' சொல்லுங்கள். மனிதக் குரல் கேட்டால் குதிரை மிரளாது. சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்கும் சைக்கிளைக் கண்டால் மிரளும். குதிரைக்காரர் கைகாட்டிய பிறகே, அகலமாக ஒதுங்கிக் கடக்க வேண்டும். கன்றோடு நிற்கும் பசுக்கூட்டத்துக்கு நடுவே போகவே கூடாது. இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் மாட்டுக்கும் நடுவில் வைத்து, வேலியோரமாகச் சுற்றிப் போங்கள்.

வழியில் என்னென்ன கெடும்

செப்டம்பரிலிருந்து உழவர்கள் ஹாத்தார்ன் வேலிகளைக் கத்தரிப்பார்கள். வெட்டிய முள் முழுக்கச் சாலையில்தான் விழும். அரை அங்குல முள் டியூபைத் துளைத்து, நீங்கள் புது டியூப் போட்ட பிறகும் டயருக்குள் ஒளிந்திருந்து அதையும் துளைக்கும். டியூப் மாற்றும் முன் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவி முள்ளைக் கண்டுபிடித்து எடுத்தாக வேண்டும். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பது இந்த வேலைக்கே சொன்னது போலிருக்கும். டியூப்லெஸ் டயரானால் முள்ளைப் பிடுங்கிவிட்டு, துளை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி நிறுத்துங்கள். சீலன்ட் அங்கே சேர்ந்து அடைத்துவிடும். அடைபடாவிட்டால் ரப்பர் திரியைச் செருக வேண்டும்.

டயரின் பக்கச்சுவரே கிழிந்துவிட்டால் திரி உதவாது. உள்ளே ஒரு ஒட்டுத்துண்டு வைத்து, டியூப் போட்டு, பாதிக் காற்றோடு ஓட்ட வேண்டும். ஒட்டுத்துண்டு இல்லையென்றால் பர்ஸைத் திறங்கள்: இங்கிலாந்தின் 5 பவுண்டு நோட்டு 2016 முதல் பிளாஸ்டிக், மடித்து வைத்தால் கிழியாது. வீட்டுக்கு வந்து கழுவிச் செலவழித்துக்கொள்ளலாம்.

பையில் இருக்க வேண்டியவை: டியூப் ஒன்று, டயர் லீவர் இரண்டு, ரப்பர் திரிப் பெட்டி, கைப்பம்பு, பல்கருவி, உங்கள் செயினுக்கேற்ற இணைப்புக் கண்ணி ஒரு ஜோடி, பிளாஸ்டிக் கட்டு நான்கைந்து. இவற்றோடு பின் கியரைச் சட்டத்தில் பிடித்திருக்கும் ஹேங்கர் ஒன்று. அது மாடலுக்கு மாடல் மாறும், மலைக்கிராமக் கடையில் கிடைக்காது. சைக்கிள் வலப்பக்கம் விழுந்தால் முதலில் வளைவது அதுதான். வளைந்ததைக் கவனிக்காமல் மிக எளிய கியருக்கு மாற்றினால் கியர் பொறி சக்கரக் கம்பிக்குள் போய்ச் சிக்கி இரண்டையும் நாசமாக்கும். எனவே விழுந்து எழுந்ததும், முழங்காலைப் பார்ப்பதற்கு முன்... சரி, முழங்காலைப் பார்த்த பிறகு, பின் கியர் நேராக நிற்கிறதா என்று பின்னாலிருந்து பாருங்கள்.

தண்ணீர் ஒன்றரை லிட்டர். ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மேலே ஆடு மேய்கிறது, குடிக்காதீர்கள். பசிக்கும் முன்பே மணிக்கு ஒருமுறை ஏதாவது சாப்பிட வேண்டும், ஓட்ஸ் கட்டியோ வாழைப்பழமோ. ஜூலையிலும் மெல்லிய மழைக்கோட்டு கட்டாயம். ஏறும்போது வேர்த்து, மேட்டில் காற்றில் நின்றால் உடம்பு வெடவெடக்கும். டிசம்பரில் மாலை நாலுக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் என்பதால் குளிர்காலத்தில் மதியம் இரண்டுக்குத் திரும்பும் வழியில் இருக்க வேண்டும்.

அடிபட்டு நகர முடியாவிட்டால் 999-ஐ அழைத்து முதலில் போலீஸ், பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ என்று கேளுங்கள். நேராக ஆம்புலன்ஸ் கேட்டால் சாலை இல்லாத இடத்துக்கு வர நேரமாகும். வரைபடக் கட்டத்தின் ஆறு இலக்க எண்ணைச் சொன்னால் நூறு மீட்டருக்குள் உங்களைக் கண்டுபிடிப்பார்கள். அதைக் காட்டும் செயலி ஒன்றைப் போனில் வைத்திருங்கள். சிக்னல் பலவீனமான இடத்தில் பேச முடியாமல் எஸ்எம்எஸ் மட்டும் போகலாம். அதற்கு வீட்டிலிருந்தே 999-க்கு 'ரிஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை எஸ்எம்எஸ் அனுப்பி, வரும் பதிலின்படி பதிவு செய்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின்

மழைநாள் மான்சல் ட்ரெயிலில் இருந்து திரும்பிய சைக்கிளைப் பாருங்கள்: செயினிலும் பிரேக்கிலும் வெளிறிய தோசை மாவு ஊற்றியதுபோல் இருக்கும். நொறுங்கிய சுண்ணாம்புத்தூளும் தண்ணீரும்தான் அது. காய்ந்துவிட்டால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், அதுவரை செயினை அரைத்துக்கொண்டே இருக்கும். ஈரம் காயும் முன் வாளித் தண்ணீரும் பிரஷும் கொண்டு கழுவுங்கள். அதிவேகக் குழாயைச் சக்கர அச்சின் பக்கமும் மிதியின் அச்சுப் பக்கமும் காட்டினால் உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியேறிவிடும். செயினைத் துணியால் துடைத்து, உலரவிட்டு, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கால் மணி நேரம் கழித்து மேலே வழிந்ததைத் துடையுங்கள். எண்ணெய் டிஸ்க்கில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டால் பேடைத் தூக்கிப்போட வேண்டியதுதான். செயின் அளவுகோலில் தேய்மானம் 0.5 சதவீதம் வந்ததும், 11 அல்லது 12 கியர் செயினானால் மாற்றிவிடுங்கள். செயினோடு விட்டால் ஒரு செலவு, பின் பற்சக்கரங்களும் தேய்ந்துவிட்டால் அதைப்போல் பல மடங்கு.